நாற்பத்தாறு லிட்டர்

மீட்டரம்மா இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. பார்லர்க்காரி இன்னும் "அந்தம்மா வாயே திறக்காது" என்று உயிரோடு இருப்பவரைச் சொல்வது போலத்தான் பேசுகிறாள். யாரும் திருத்துவதில்லை.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் படித்து எழுதுவதுதான் மீட்டரம்மாவின் வேலை. முதலில் அது கணவரின் வேலை. அவர் இறந்ததும் இவருக்குக் கொடுத்தார்கள். அப்போது வயது இருபத்தாறு, இடுப்பில் இரண்டு வயது மகள். வேலையைக் கடைசிவரை ஒரே மாதிரி செய்தார். குழியின் இரும்பு மூடியைத் தூக்குவார். முட்டி போடுவார். மீட்டரின் கண்ணாடியைத் துணியால் துடைப்பார். எண்ணைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார். பிறகுதான் எழுதுவார். ஒரு நாளைக்கு அறுபது வீடு. அறுபது முறை முட்டி.

மீட்டரில் இரண்டு நிறத்தில் எண்கள் உண்டு. கறுப்பு எண்கள் ஆயிரம் லிட்டருக்கு ஒரு முறை நகரும். வலப்பக்கம் உள்ள மூன்று சிவப்பு எண்கள் ஒவ்வொரு லிட்டருக்கும் நகரும். அலுவலகத்துக்குக் கறுப்பு போதும். சிவப்புக்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. மீட்டரம்மா சிவப்பையும் எழுதினார், நேரத்தோடு, சொந்த நோட்டில். இதெல்லாம் எதற்கு என்று மேலதிகாரி ஒருமுறை கேட்டாராம்.

"இருக்கே சார்" என்றாராம் மீட்டரம்மா.

பார்லர்க்காரி இதற்கு நேர் எதிர். கடைத்தெரு முனையில் இரண்டு நாற்காலி, ஒரு தலை கழுவும் தொட்டி, சுவர் முழுக்கக் கண்ணாடி. அவள் கைக்குக் கீழே தலை சாய்த்தவர்கள் கண்ணை மூடுவார்கள், வாயைத் திறப்பார்கள். ஊரில் நடப்பது அவளுக்குத் தெரியாமல் நடக்காது என்பது அவளுடைய பெருமை. தெரிந்ததை வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. ஒன்றைச் சொல்லும்போது அதை இரண்டாக்கித்தான் சொல்லுவாள்.

இருவருக்கும் ஆகாது. மீட்டரம்மா மாதம் ஒரு முறை வந்து குழிக்குள் தலையை விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போவார். அந்த மௌனம் பார்லர்க்காரிக்கு அவமரியாதையாகப் பட்டது. "என்னமோ கலெக்டர் மாதிரி" என்பாள். அவளுக்கு உள்ளூர ஒரு பயமும் இருந்தது. நாலு மாதமாக மீட்டரின் பக்கவாட்டில் ஒரு காந்தம் ஒட்டி வைத்திருந்தாள். காந்தம் வைத்தால் சக்கரம் மெதுவாக ஓடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மீட்டரம்மா வரும் நாளில் எடுத்துவிடுவாள். ஆனாலும் பில்லில் எண் குறையவே இல்லை. காந்தம் விற்றவனை வாரம் ஒரு முறை திட்டினாள்.

ஆறு வருடத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, மாடிவீட்டம்மா தன் வீட்டுப் படிக்கட்டின் அடியில் இறந்து கிடந்தார். பால்காரி பார்த்தாள். தலையில் அடி. பக்கத்திலேயே குழாய் திருகும் பெரிய ஸ்பேனர். அது பார்லர்க்காரியின் தம்பியுடையது.

தம்பி ஊர்த் தண்ணீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். ஞாயிறு காலை மாடிவீட்டில் குழாய் பழுது பார்த்தான். வழக்கம்போல ஸ்பேனரை விட்டுவிட்டு வந்தான். போன இடமெல்லாம் எதையாவது விட்டுவிட்டு வருவது அவன் சுபாவம். அக்கா வீட்டில் மட்டும் அவனுடைய டார்ச் மூன்று, செருப்பு ஒரு ஜோடி இருந்தன. சனிக்கிழமை அவனும் மாடிவீட்டம்மாவும் தண்ணீர் வேகமாக வருவதில்லை என்று தெருவில் நின்று கத்திக்கொண்டதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். உயிர் போனது ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்றார் மருத்துவர். அந்த நேரத்தில் அவன் தண்ணீர் நிலையத்தில் இருந்தான். தனியாக. சாட்சி பம்புகள்தான்.

திங்கள் மதியம் போலீசார் அவனைக் கூட்டிப்போனார்கள். அம்மா அப்பா இல்லாமல் பார்லர்க்காரி வளர்த்த தம்பி. ஊர் வாயைக் கட்டி ஆள்பவளுக்கு அன்று பேச்சே வரவில்லை. கடையைத் திறந்து வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை கழுவிக்கொள்ள வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்கள்.

அப்போது மீட்டரம்மா உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருக்கிற துக்கம் போதாதென்று காந்தமும் வெளியே வந்துவிட்டது என்று பார்லர்க்காரி நினைத்தாள்.

"உங்க தம்பி செய்யலைன்னு நெனைக்கிறேன்" என்றார் மீட்டரம்மா. "ஒரு எண்ணு சரியா வரல."

அந்த எண்ணைப் பார்லர்க்காரி இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

மாடிவீட்டம்மாவின் வீட்டை ஒட்டியது போட்டோக்காரர் வீடு. அவர் மாடிவீட்டம்மாவின் தங்கை மகன், தனி ஆள். மெதுவாகப் பேசுபவர், குழந்தைகளைச் சிரிக்க வைத்துப் படம் எடுப்பவர். இரண்டு வீட்டு மீட்டரும் ஒரே குழிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சனிக்கிழமை மதியம் அந்தத் தெருவின் முறை. மீட்டரம்மா குழிக்குள் குனிந்திருந்தபோது போட்டோக்காரர் வீட்டைப் பூட்டினார். தோளில் கேமராப் பை. டவுனில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போவதாகவும் திங்கட்கிழமைதான் வருவேன் என்றும் தானாகவே சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அதற்குப் பிறகுதான் மீட்டரம்மா அவர் வீட்டு எண்ணை எழுதினார். சிவப்பில் 318.

இறந்தவர் வீட்டு மீட்டரில் அன்றைக்கே ஒரு முடிவு எண் எடுக்க வேண்டும் என்பது அலுவலக விதி. திங்கள் காலை ஒன்பது மணிக்கு அதற்காகப் போனார். மூடியைத் திறந்தாயிற்று, பக்கத்து மீட்டரும் கண்ணெதிரே இருந்தது. எழுதினார். 364. போட்டோக்காரர் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பெரியம்மா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதது பத்தரைக்கு.

"பூட்டின வீட்டுல நாப்பத்தாறு லிட்டர் போயிருக்கு" என்றார் மீட்டரம்மா.

குழாய் ஒழுகியிருக்கும் என்றாள் பார்லர்க்காரி. மீட்டரின் நடுவில் நட்சத்திரம் போல ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, ஒரு சொட்டு ஒழுகினாலும் அது சுற்றும், சுற்றவில்லை என்றார் மீட்டரம்மா. நாற்பத்தாறு லிட்டர் என்றால் என்ன என்று கேட்டாள்.

"ஒரு ஆளு குளிச்சு, போட்டிருந்த துணிய அலசினா அவ்வளவு வரும்."



போலீசில் சொல்ல வேண்டியதுதானே என்று பார்லர்க்காரி எழுந்தாள். மீட்டரம்மா எழவில்லை. எண் மட்டும் போதாது என்றார். போட்டோக்காரர் ஞாயிற்றுக்கிழமை டவுனில் இருந்தாரா என்று விசாரிக்க வேண்டும். "எனக்கு மனுஷங்ககிட்ட கேக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

பார்லர்க்காரியை யாரும் அதுவரை அப்படிப் பாராட்டியதில்லை. திட்டியிருக்கிறார்கள்.

டவுனில் மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்தவள் அவளுக்குத் தொழில்முறையில் தெரிந்தவள். செவ்வாய்க்கிழமை போன் போட்டாள். கொலையைப் பற்றி மூச்சு விடவில்லை. தலைச்சாயம், கூலியாள் தொல்லை என்று சுற்றிச் சுற்றி இருபது நிமிடம் பேசி, கல்யாணம் எப்படி நடந்தது என்று கடைசியில் வந்தாள். பதில் கொட்டியது. பெண் வீட்டார் போட்டோக்காரர் மேல் கொலைவெறியில் இருக்கிறார்களாம். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பேட்டரி வாங்கப் போகிறேன் என்று போனவர் ஆறரைக்குத்தான் வந்தாராம். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து இறங்கியதற்கு ஒரு படம்கூட இல்லையாம். டவுனிலிருந்து ஊருக்குப் பஸ் ஒரு மணி நேரம்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மீட்டரம்மா எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதியிருந்தார். தலைச்சாயத்தை மட்டும் விட்டிருந்தார்.

பிறகு மீட்டரம்மா தன் மகளுக்குப் போன் செய்தார். மகளுக்குத் தொலைவில் ஒரு ஆலையில், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் வேலை. தண்ணீர் போகாமலே மீட்டர் ஓட வாய்ப்பு உண்டா என்று கேட்டார். காற்று போனால் ஓடும் என்றாள் மகள். குழாய் காலியாகி மறுபடி நிரம்பினால்தான் காற்று வரும். நிலையத்தில் அழுத்தம் பதிவாகும் தாளைப் பார்த்தால் தெரியும். சொல்லி முடித்து, "உனக்கு எதுக்குமா இந்த வேலையெல்லாம்? எனக்கு மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாள். போனில் சத்தம் வெளியே கேட்டது.

"பாவம், வேலை அதிகம்" என்றார் மீட்டரம்மா.

அந்த விஷயம் என்ன ஆயிற்று என்று மகள் பிறகு கேட்கவில்லை. ஆறு வருடம் கேட்கவில்லை. போன வாரம்தான் பார்லர்க்காரியிடம் கேட்டாள்.

தண்ணீர் நிலையத்துக்கு இருவரும் நடந்தே போனார்கள். அங்கே சுவரில் ஒரு கருவி. தட்டு அளவு வட்டத் தாள் மெல்லச் சுற்ற, ஒரு பேனா தானாகவே அழுத்தத்தைக் கோடாக வரைந்துகொண்டிருந்தது. மனிதக் கை படாத எழுத்து. சனி மதியத்திலிருந்து திங்கள் காலைவரை கோடு எங்கும் கீழே விழவில்லை. குழாய் ஒரு நொடிகூடக் காலியாகவில்லை. தம்பி குழாயைக் காலியாக விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நடையில்தான் பார்லர்க்காரி இன்னொன்றைப் புரிந்துகொண்டாள். இருபுறமும் வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ஓர் இரும்பு மூடி. சும்மா இருக்க முடியாமல், தண்ணீரை வைத்து வேறு என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டாள். மீட்டரம்மா யோசித்தார். குழந்தை பிறந்த வீட்டில் கூடும் என்றார். படுக்கையில் விழுந்தவர் இருந்தால் கூடும், அது வேறு மாதிரி கூடும். ஒருவர் வீட்டை விட்டுப் போனால் குறையும். போனவர் வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். சிலர் திரும்பி வருவார்கள். அந்த மாத எண்ணிலேயே தெரியும்.

பார்லர்க்காரி தெருவில் நின்றுவிட்டாள். மருந்துக் கடைக்காரர் வீட்டில் என்ன நடக்கிறது என்று இரண்டு வருடமாக அவள் தலையை உடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்மணிக்கு அது தெரியும். ஊர் முழுக்கத் தெரியும். முப்பத்தொரு வருடம், ஆயிரத்து இருநூறு வீடு. ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை.

"மருந்துக் கடைக்காரர் வீட்டுல..." என்று ஆரம்பித்தாள்.

"அது அவங்க வீட்டு விஷயம்" என்றார் மீட்டரம்மா.

கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குட்டையைப் பெரிதாக எண்ணியிருந்தோமே என்று பட்டது. அந்த நிமிடத்திலிருந்து அவரை அக்கா என்று கூப்பிட்டாள். மீட்டரம்மா ஆட்சேபிக்கவில்லை. பதிலுக்குத் தங்கை என்று கூப்பிடவும் இல்லை.

புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். பேட்டரி விஷயத்தில் புருவம் உயர்ந்தது. சிவப்பு எண்ணில் சிரித்துவிட்டார். "அம்மா, உங்க ஆபீஸே எடுத்துக்காத எண்ணு இது."

மீட்டரம்மா கோபப்படவில்லை. ஸ்டேஷன் மீட்டர் எங்கே என்று கேட்டார். வாசலில் முட்டி போட்டார், துடைத்தார், எழுதிக்கொண்டார். உள்ளே போய் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம் என்றார். இன்ஸ்பெக்டருக்கு அது விளையாட்டாகத் தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டார்கள். பார்லர்க்காரி வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்த பிறகும் மீட்டரம்மா நகரவில்லை. "சக்கரம் நிக்கட்டும்" என்றார். நின்றது. பார்த்தார்.

"இருபத்தி நாலு. முற்றத்துல இருந்த வாளி ஒண்ணு, பதினஞ்சு. கழிப்பறைத் தொட்டி ஒரு தடவை, ஆறு. மிச்சம் மூணு, முகம் கழுவினது. உங்க காலர் ஈரமா இருக்கு சார்."

யாரும் சிரிக்கவில்லை. மூலையில் நின்ற ஏட்டு மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். கழிப்பறை அவர்தான்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு மீட்டரம்மாவை உட்காரச் சொன்னார். பேச்சு மாறியது. ஆனால் ஒரு கேள்வி வைத்திருந்தார். இந்த ஊரில் பாதிப் பேர் மீட்டரில் காந்தம் வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு. நாளைக்குக் கோர்ட்டில் வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

"பாதிப் பேர் இல்ல சார், ஒருத்தர்" என்றார் மீட்டரம்மா. "காந்தம் மெதுவாக்கும். ஓட வைக்காது."

"அந்த ஒருத்தர் யாரு?"

பார்லர்க்காரி சுவரைப் பார்த்தாள். தம்பி இருந்த அறையின் கதவு அங்கிருந்து தெரிந்தது.

"நான்தான் சார்" என்றாள்.

அப்படியானால் அந்த எண்கள் பொய்தானே என்றார் இன்ஸ்பெக்டர். மீட்டரம்மா நோட்டைத் திறந்து வைத்தார். காந்தம் வந்த மாதமே தெரிந்துவிட்டது என்றார். சொன்னால் குழாயை அறுத்துவிடுவார்கள், அந்தக் கடை நின்றுவிடும். சொல்லாவிட்டால் எண் பொய்யாகும். அதனால் எதிர்ப்புற மரத்தடியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எண்ணினாராம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் தலை கழுவிக்கொள்கிறார்கள், ஒரு தலைக்கு எத்தனை லிட்டர். பதினெட்டு. மீட்டர் காட்டாததையும் சேர்த்து உண்மையான அளவை எழுதியிருந்தார்.

"போன செவ்வாய்க்கிழமை ஒருத்தருக்கு ரெண்டு தடவை அலசினீங்க" என்றார் பார்லர்க்காரியிடம். "சாயம் சரியா வரல போல."

பார்லர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். காந்தம் விற்றவனை அநியாயமாகத் திட்டியிருக்கிறாள்.

மீட்டரம்மா ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். நாலு மாதம் ஒரே ஒரு கடைக்கு, மீட்டர் காட்டியதை எழுதவில்லை, தானே கணக்கிட்டதை எழுதினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. இது அலுவலகத்துக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா என்றார் இன்ஸ்பெக்டர். தெரியும் என்றார்.

"இது ஒண்ணு நான் சொன்னாத்தான் சார், மத்த எல்லாம் மீட்டர் காட்டினதுன்னு நிக்கும்."

வெளியே தெரு வழக்கம்போல இருந்தது. சைக்கிள் மணி, யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். பார்லர்க்காரிக்கு மட்டும் காது அடைத்தது போல இருந்தது. கோயில் குளம் என்று அவள் போனவள் அல்ல. ஆனால் அந்த இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும் போலிருந்தது என்று இன்றும் சொல்லுகிறாள். அவள் ஒன்றை இரண்டாக்குகிறவள்தான். இதில் கூட்டவில்லை.

மாலை போட்டோக்காரரை வரவழைத்தார்கள். இன்ஸ்பெக்டர் பேட்டரியைப் பற்றிக் கேட்டார். மூன்று கடை ஏறி இறங்கியதாகச் சொன்னார். மாடிவீட்டை விற்கச் சொல்லிப் பெரியம்மாவிடம் கேட்டதுண்டா என்று கேட்டார். அதெல்லாம் பழைய பேச்சு என்றார். பதற்றம் இல்லை. குரலும் ஏறவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல யாரு குளிச்சது?"

போட்டோக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த மீட்டரம்மாவைப் பார்த்தார். சனிக்கிழமை மதியம் குழிக்குள் குனிந்திருந்த முதுகு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எவ்வளவு?" என்று கேட்டார். மீட்டரம்மாவிடம்தான் கேட்டார்.

"நாப்பத்தாறு லிட்டர், தம்பி."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மற்றவர்கள் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

அலுவலகம் மீட்டரம்மாவை விடவில்லை. தெரு வேலையிலிருந்து எடுத்து, கடைசி எட்டு மாதம் ஒரு ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்தது. அவர் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மகளிடம் மேஜை வேலை கிடைத்துவிட்டது, முட்டிக்கு நல்லது என்றார். மகள் நம்பினாள். சந்தோஷப்பட்டாள்.

போட்டோக்காரர் பிடிபட்ட மறுநாள், வியாழக்கிழமை காலை, தம்பியை விட்டார்கள். நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். மூன்று நாள் தாடி, அதே சட்டை. சாப்பிடவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, கால் மணி நேரம் ஆயிற்று. ஊருக்கெல்லாம் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று உபதேசம் செய்கிறவன்.

மீட்டரம்மா அப்போது வாசலில்தான் இருந்தார். காந்தத்தை எடுத்தாயிற்று, பார்லருக்கும் வீட்டுக்கும் பொதுவான அந்த மீட்டரில் இன்று புதிதாக எண் எடுக்க வேண்டும். தெருவில் அவருக்கு அதுதான் கடைசி வேலை என்று அப்போது பார்லர்க்காரிக்குத் தெரியாது. மூடியைத் தூக்கி, முட்டி போட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தபடியே இருந்தார். பார்லர்க்காரியும் பக்கத்தில் குந்தினாள். முதல்முறையாக அவளும் கண்ணாடிக்குள் பார்த்தாள். நட்சத்திரச் சக்கரம் கண் பிடிக்க முடியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு எண்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடின. உள்ளே தம்பி அழுகிறானா என்று தண்ணீர்ச் சத்தத்தில் தெரியவில்லை.

"எழுதிக்கலையா அக்கா?" என்றாள்.

மீட்டரம்மா பேனாவை மூடிப் பையில் போட்டார்.

"குளிக்கட்டும்" என்றார். "அவசரம் இல்ல."